அண்ணனின் பொது அடுப்பும் பதினைந்தாவது கையும்

அண்ணன் நினைவாகப் போடும் புத்தகத்துக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லி அண்ணன் மகன் நோட்டைக் கொடுத்துவிட்டுப் போய்ப் பத்து நாளாகிறது. நான் ஐந்தாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வராது, எழுத்தும் கோணல், வருஷமெல்லாம் மறந்துபோகிறது. தப்பிருந்தால் உறவுக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது பூதலூர்ப் பக்கம், வாய்க்கால் ஓரத்துத் தெருவில். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் கூலி வேலை செய்தார்கள். அண்ணன் மாடு மேய்த்துக்கொண்டே எட்டாவது வரை படித்தார். அவருக்குக் கல்யாணமான மறுவருஷம் எங்கள் தெருவில் ஏழு குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் வீதம் பட்டா கிடைத்தது. அந்த வருஷம்தான் என் வீட்டுக்காரர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். நான் துணிப்பையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றேன். என்ன ஏது என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

தஞ்சாவூரில் உழவர்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடத்தினார்கள். அண்ணன் போனார். உரம் பற்றிச் சொன்னதெல்லாம் அவர் மனசில் நிற்கவில்லை. ஒரு வாத்தியார் சொன்ன கதையோடு திரும்பி வந்தார். நூறு வருஷத்துக்கும் முன்னால் யூதர்கள் கொஞ்சம் பேர் சொந்த ஊரைவிட்டுக் கடல் தாண்டிப் போய், ஒரு பண்ணையில் கூலிக்கு உழுதார்களாம். மேலாளோடு சண்டை வந்ததாம். "நீ ஒண்ணும் எங்கள மேய்க்க வேணாம், நாங்களே பாத்துக்கறோம்" என்று பத்து ஆணும் இரண்டு பெண்ணும் ஏரிக்கரையில் தனியாக நிலம் கேட்டு வாங்கிப் பயிர் செய்தார்களாம். கொசுவும் காய்ச்சலும் படாத பாடு படுத்தியதாம். ஆனாலும் ஒரே வயல், ஒரே அடுப்பு. எது செய்தாலும் கூடி உட்கார்ந்து கை தூக்கித்தான் முடிவு செய்வார்களாம்.

"அங்க முன்னாடி உழுதுக்கிட்டிருந்தவங்க எங்க போனாங்க மாப்ள?" என்று சின்னச்சாமி மாமா கேட்டார். எங்கள் ஏழு குடும்பத்தில் மூத்தவர் அவர்தான்.

"அத வாத்தியார் சொல்லல மாமா."

"அதத்தான மொதல்ல கேட்டிருக்கணும்."

ஆனாலும் அண்ணன் விடவில்லை. உள்வரப்பையெல்லாம் வெட்டி ஏழு பங்கையும் ஒரே வயலாக்கினோம். எங்கள் கொட்டகையில் பொது அடுப்பு எரிந்தது. ஆணுக்கு ஒரு கை, பெண்ணுக்கு ஒரு கை என்று ஏழு வீட்டுக்கும் பதினாலு கை. என் பேரில் பட்டா கிடையாது. ஆனாலும், "வேலை செய்யறவ கையும் கைதான்" என்று அண்ணன் என்னைப் பதினைந்தாவதாகச் சேர்த்தார்.

அந்தக் கதையில் ஒரு பெண் வருவாள். மாடு கறப்பது ஆம்பளை வேலை, நீ அடுப்பைப் பார் என்று சொன்னார்களாம். அவள் பக்கத்து ஊர்ப் பெண்களிடம் போய்க் கறக்கக் கற்றுக்கொண்டு, ஒருநாள் விடியுமுன்னே எல்லா மாட்டையும் கறந்து வைத்துவிட்டாளாம். அண்ணன் இதைப் பெருமையாகச் சொன்னபோது அண்ணி கேட்டார்கள்: "நாங்க வயசுக்கு வர்றதுக்கு முந்தியே கறந்தவங்க. அவ மாட்டுக்குப் போயிட்டான்னா அடுப்புக்கு யாருங்க வந்தா?"

அதையும் வாத்தியார் சொல்லவில்லை. கை தூக்கிப் பார்த்ததில் இனி ஆம்பளைகளும் முறை வைத்துச் சமைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. முதல் வாரம் அண்ணன் முறை.

அண்ணனுக்கு எல்லாவற்றிலும் எல்லோரும் சமம். மிளகாயும் தலைக்கு மூன்று என்று எண்ணி அரைத்தார், கைக்குழந்தைகளையும் சேர்த்து. முதல் நாள் குழம்புக்கே சின்னச்சாமி மாமா எழுந்து வாய்க்காலுக்கு ஓடினார். ஐந்தாம் நாள் சாப்பாட்டுப் பந்தியிலேயே சொல்லிவிட்டார்: "மாப்ள, அடுப்பப் பிரிச்சிடுவோம். வரப்பையும் போட்டுடுவோம். உசுரோட இருந்தாத்தான் விவசாயம்."

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. கரண்டியைக் கீழே வைக்காமலே, "சேர்ந்தே இருக்கலாம்கறவங்க கை தூக்குங்க" என்றார். ஏழு கை எழுந்தது. பிரிக்கலாம் என்றதற்கும் ஏழு. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

பிரிந்தால் நிலம் ஏழு பங்கு. எனக்குப் பங்கும் இல்லை, கையும் இல்லை. மறுபடி அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருப்பவள்தான். தூக்கத்தான் நினைத்தேன். அத்தனை பேர் பார்க்கவும் கை மடியை விட்டு எழவில்லை. குனிந்துகொண்டு ஒரு கவளம் சோற்றை வாயில் போட்டுவிட்டேன். குழம்பு தொண்டையில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்தது. பேச்சு வரவில்லை. மோர் வேண்டும் என்று இடது கையைத் தூக்கினேன்.

"எட்டு" என்றார் அண்ணன்.

"எடது கை செல்லுமா மாப்ள?"

"சாப்பிடறவ வேற எந்தக் கையத் தூக்குவா மாமா?"

அப்படித்தான் ஒரே வயலாக இன்னும் பதினோரு வருஷம் ஓடியது. அண்ணன் மட்டும் அடுப்புப் பக்கம் போகக்கூடாது என்று மறுநாளே கை தூக்கினோம். அதில் ஒருவர் கைகூட இறங்கவில்லை. பிள்ளைகள் படித்து வெளியூர் போன பிறகு நிலத்தைப் பிரித்தோம். அப்போது அண்ணன் எட்டுப் பங்காகப் பிரித்தார். சின்னச்சாமி மாமாதான் முதலில் கை தூக்கினார்.

கடைசி நாட்களில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நான்தான் கஞ்சி ஊட்டினேன். ஒருநாள் மத்தியானம் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன்: "அண்ணே, அன்னிக்கு நான் மோருக்குத்தான் கை தூக்குனேன்."

"தெரியும். மோர்ப் பானை என் பக்கத்துலதான இருந்துச்சு."

"தெரிஞ்சேதான் எண்ணுனீங்களா?"

"மோரு தீந்துபோச்சு. வேற என்னத்தக் குடுக்கறது ஒனக்கு?" ஒரு வாய்க் கஞ்சியை விழுங்கிவிட்டு, "இப்ப கேட்டா தூக்குவியா?" என்றார்.

தூக்கினேன். அப்போதும் இடது கைதான். வலது கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு முறை வைத்து வந்து படுத்த ஏழு வீட்டுப் பிள்ளைகளுக்கும், கடைசிவரை முகம் சுளிக்காத நர்சம்மாவுக்கும், இன்று பதினாறாம் நாள் காரியத்துக்குப் பொது அடுப்பில் இருந்த அதே பெரிய அண்டாவில் எல்லோருக்கும் சமைத்த சின்னச்சாமி மாமா மகன்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மிளகாய் அளவாகப் போட்டார்கள்.

ஏரிக்கரைக்குப் போனது பத்து ஆணும் இரண்டு பெண்ணும்தானா, ஓடியது பதினோரு வருஷமா பன்னிரண்டா என்று அச்சுக்குப் போகுமுன் படித்த பிள்ளைகள் யாராவது பார்த்துத் திருத்த வேண்டும். எட்டுக் கை என்பதை மட்டும் திருத்த வேண்டாம். அது அண்ணன் எண்ணியது.