மான் தலைக்கு மஞ்சள்

எலும்பு வேகும் நாற்றத்தோடு பச்சை மஞ்சள் வாசம் கலந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று கல் கூட்டி ஏற்றியிருந்த மண்ணெண்ணெய்த் தகரத்திலிருந்து அந்த வாசம் எழும்பியபோது எனக்கு ஒன்பது வயது. எந்நேரமும் பசியாகவே இருந்த காலம் என்பதால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நாற்றத்துக்கும் என் நாக்கில் நீர் ஊறியது.

தகரத்துக்குள் இருந்தது கறியல்ல, ரவாங் காட்டில் ரயில் பட்டறையின் ஜப்பான்கார அதிகாரி சுட்ட கடமானின் தலை. மலாய்க்காரர்கள் "ரூசா" என்பார்கள். அதை வெறும் எலும்பாகச் சுத்தம் செய்து, கொம்போடு பலகையில் பதித்துச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது அவனுடைய ஆசை. அந்த வேலை என் அண்ணனிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அண்ணனுடைய வாய்தான். அப்பா இறந்த பிறகு ரயில் பட்டறையில் சேருவதற்கு முன், அவன் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் பங்களாவில் எடுபிடியாக இருந்தான். அங்கே சுவரில் இருந்த மான் தலைகளுக்குத் தூசி தட்டியதை, என்னவோ தானே பதம் செய்து தானே மாட்டியது போல ஊரெல்லாம் அளந்துவிட்டிருந்தான். அந்த அளப்பு பட்டறையில் கணக்கெழுதும் கிராணியின் காதிலும் விழுந்திருக்கிறது.

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. பாசாருக்குச் சாமான் வாங்கப் போனவர்களும் படம் பார்க்கப் போனவர்களும் லோரியில் ஏற்றப்பட்டு, வீடு திரும்பாமலே போனார்கள். பட்டறையிலும் அடுத்தது கல்யாணமாகாத பையன்கள்தான் என்று பேச்சு அடிபட்டது. கிராணி எங்கள் வாசலுக்கே வந்து, "பிள்ளை, தலையை வடிவாச் செய்து குடுத்தா அந்த மனுசன் உன்ர பொடியனை இஞ்சையே வச்சிருப்பார். நான் கதைச்சிட்டன்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பல் ஒன்றுகூடக் கழன்று விழக்கூடாது, கொம்பில் வெந்நீர் படக்கூடாது என்பது அதிகாரியின் கட்டளை. அண்ணன் தோலை உரித்து, கண்களைத் தோண்டி, பின்மண்டைத் துளை வழியாகக் கம்பியை விட்டு மூளையைக் கிளறி எடுத்து, கொம்புகள் வெளியே நிற்கும்படி தலையைத் தகரத்தில் இறக்கினான். தளதளவென்று கொதித்தால் பல் ஆடிவிடும் என்று சிறு தீயாக வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி அம்மாவிடம் சொல்லி வேலைக்குப் போனான். வெயில் ஏற ஏற நாற்றம் குடியிருப்பு முழுக்கப் பரவியது, அக்கம்பக்கத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கறி வேகும் பானையில் மஞ்சள் போடாமல் அம்மாவின் கை என்றைக்காவது சும்மா இருந்ததுண்டா? கொல்லை மஞ்சளைப் பிடுங்கி, இடித்து, கை நிறைய அள்ளிப் போட்டுவிட்டாள்.

சாயங்காலம் அண்ணன் தலையைத் தூக்கியபோது, அது மஞ்சள் பூசிக் குளித்த கல்யாணப் பெண் போல வந்தது. நான் சிரித்துவிட்டேன்.

"என்னம்மா பண்ணுன? மான் தலைக்கு நலங்கா வச்ச?"

"நாத்தம் போவட்டும்னு போட்டேன்டா..."

பதற்றத்தில் அண்ணன், வெள்ளையாக்குகிறேன் என்று பக்கத்து வீட்டிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை வாங்கி வந்து தேய்த்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி என்பது எனக்கே தெரியும், அவனுக்கு அந்த அவசரத்தில் மறந்துபோயிற்று. மஞ்சள் தலை ரத்தச் சிவப்பானது. இருபது வயது ஆம்பிளை, அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நாளைக்கே என்னை ஏத்திருவான்மா" என்று அழுதான்.

அம்மா அழவில்லை. புளியைக் கரைத்து ஊற்றிச் சிவப்பை மறுபடி மஞ்சளாக்கினாள். "வேட்டியில ஒட்டுன மஞ்சளு வெயிலுக்குப் போவலையாடா? காய வைப்போம் வா" என்றாள்.

கோழிக்கூண்டின் தகரக் கூரைமேல் தலை ஏறியது. காக்கையும் நாயும் அண்டாமல் குச்சியோடு காவல் இருந்ததும், தண்ணீர் தெளித்துத் தெளித்துத் திருப்பி வைத்ததும், மத்தியான மழை இருட்டிக்கொண்டு வந்தால் குழந்தையைத் தூக்குவது போல இரு கையாலும் அதை வாரிக்கொண்டு உள்ளே ஓடியதும் நான்தான். கோலாலம்பூர் வெயில் அப்போதெல்லாம் தடையில்லாமல் இறங்கும். நாளுக்கு நாள் மஞ்சள் வெளிறி, கடைசியில் தலை தேங்காய்ச் சில்லு போல வெளுத்தது. அம்மா அதை அண்ணனிடம் கொடுத்தபோது அவள் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

அதிகாரி பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்து, அண்ணனின் முதுகில் தட்டிக் கொடுத்தானாம். ஒரு சிப்பம் அரிசியும் கொடுத்தான். மரவள்ளிக்கிழங்கையே தின்று சலித்திருந்த நாங்கள் அன்று சோறு தின்றோம். இனி பயமில்லை என்று அம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

சில நாளில் கிராணி மறுபடி வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பிள்ளை, நான் நல்லதுக்குத்தான் சொன்னனான். அவருக்குச் சயாமுக்கு மாற்றம் வந்திட்டுது. அங்கை காட்டிலை வேட்டை நிறைய இருக்காம். இந்தப் பொடியன் இல்லாமல் போகமாட்டன் எண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறார்."

"ஐயா, வேற ஆளுக்குச் சொல்லிக் குடுக்கச் சொல்றேன்யா, எம்புள்ளைய விட்டுறச் சொல்லுங்கய்யா" என்று அம்மா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அழுதுகொண்டே போனார்.

"கூலி வேலைக்கா போறேன்? தொரை கூடத்தானே இருக்கப் போறேன், சோறாவது கெடைக்கும்" என்று அண்ணன் அவளைத் தேற்றினான். படி இறங்கும்போது என் தலையைக் கலைத்து, "பாப்பா, அடுத்த தலைக்கு மஞ்சள் போடாம பாத்துக்கிறேன்" என்று சிரித்தான்.

சண்டை முடிந்து சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் வந்தார்கள். அம்மா ரயிலுக்கு ரயில் ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். வந்தவர்களில் கிள்ளான்காரர் ஒருவர், அண்ணனைக் காலரா கொட்டகையில் பார்த்ததாகச் சொன்னார். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

"அந்தத் தல வெளுக்காம இருந்திருந்தா நாலு அறை அறைஞ்சு வெரட்டியிருப்பான்" என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றப் பையன்களோடு எப்படியும் ஏற்றியிருப்பார்கள் என்று ஊரார் ஆறுதல் சொன்னார்கள். இருக்கலாம், ஆனால் அவள் அதை ஏற்கவில்லை. மஞ்சள் பட்ட துணியை அதற்குப் பிறகு அவள் வெயிலில் போட்டதே கிடையாது, வீட்டுக்குள் கொடி கட்டித்தான் உலர்த்துவாள்.

அந்தக் குடியிருப்பை இடித்து வெகுகாலமாகிறது. நான் இன்னும் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறேன், ஓர் அடுக்குமாடி வீட்டில். சுற்றிலும் எழும்பிய உயரக் கட்டடங்கள் எங்கள் பின்பக்கத்தை நாள் முழுதும் நிழலில் வைத்திருக்கின்றன. மஞ்சள் கறை பட்ட என் சேலை அங்கே எத்தனை நாள் தொங்கினாலும் மஞ்சளாகவே இருக்கிறது. "வெயிலே வரமாட்டேங்குதும்மா" என்று மகள் குறைப்படுகிறாள். இந்த நிழல் அன்றைக்கு எங்கள் கோழிக்கூண்டின் மேல் விழுந்திருக்கக் கூடாதா?