செலீனி வந்த ஜன்னல்

அப்பாவின் முதுகில் அம்மா தட்டிவிடும் பவுடரும் மருந்துத் தண்ணீரும் கலந்து வாடை வீசும் அந்த அறைக்குள் நுழையும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். எங்கள் ஊரான காப்பாரில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, பக்கத்து ஊர் மேருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது விழுந்து தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமலே ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தார். மூக்கில் குழாய். அவர் கண் திறப்பாரா என்பதைத் தவிர அந்த வருடம் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது.

பக்கத்து வீட்டு ஆன்டி, "பௌர்ணமி வெளிச்சம் மூஞ்சில பட்டா நெனவு வந்துரும்லா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அம்மா விரதம் பிடித்துவிட்டார். பௌர்ணமிதோறும் அந்தி சாய்ந்ததும் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பின்னாலிருந்த செம்பனை மரங்களுக்கு மேலே நிலா எழும்பும்வரை "பச்சைத் தண்ணி"கூடப் பல்லில் படாமல் காத்திருப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளி நூலகத்தில் அந்தப் பாழாய்ப்போன புத்தகம் என் கையில் சிக்கியது. பழங்காலக் கிரேக்கர்களுக்கு நிலா, செலீனி என்றொரு தேவியாம். வெள்ளித் தேரில் வானத்தைக் கடக்கும் அவள், எண்டிமியன் என்ற ஆட்டிடையன்மேல் ஆசைப்பட்டு, அவன் இளமை குலையாமல் என்றென்றும் தூங்கும்படி வரம் வாங்கி, இரவுதோறும் இறங்கிவந்து பார்த்துவிட்டுப் போவாளாம். அப்பாவைத் தூங்க வைப்பவளையே விரதமிருந்து வீட்டுக்குள் கூப்பிடுகிறோமே! அடுத்த பௌர்ணமியன்று ஓடிப்போய் ஜன்னலைப் படாரென்று சாத்தித் தாழ் போட்டேன்.

"பைத்தியமாடி ஒனக்கு?" என்று அம்மா கையை ஓங்கினார். அழுதுகொண்டே கதையைச் சொன்னேன். ஓங்கிய கை மெல்ல இறங்கியது.

"அவன் சாகலதானே?"

"இல்லம்மா. தூங்குறான், எப்பவும்."

"அவ பாட்டுக்கு வந்து பாத்துட்டுப் போயிருவா. அவன யாருடி பொரட்டிப் படுக்க வச்சா? முதுகெல்லாம் புண்ணாப் போயிருக்குமே?"

புத்தகத்தில் அது இல்லை. அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு, அப்பாவின் தோளுக்கடியில் கைகொடுத்து, "நீ காலப் புடி" என்றார்.

தீபாவளிக்கு முன்பே அப்பா போய்விட்டார், கண் திறக்காமலே. அந்த நிலாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வீடும் செம்பனைகளும் போய், அங்கே இப்போது ஏதோ கிடங்கு நிற்கிறது. என்னோடு பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அம்மா விரதமெல்லாம் விட்டு வெகுகாலமாயிற்று. போன வாரம் இடுப்பு வலி தாங்காமல் கிளினிக்குக் கூட்டிப்போனேன். எக்ஸ்ரேயில் தேய்ந்துபோன எலும்பைக் காட்டிய டாக்டர், "முன்னாடி ரொம்ப வெயிட் தூக்குனீங்களா, ஆன்டி?" என்று கேட்டார்.

அம்மா சற்று யோசித்தார்.

"இல்லையே டாக்டர். அப்படி ஒண்ணும் தூக்கலியே" என்றார்.