பாப்கார்ன் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை

என் வீட்டுக்காரருக்குத் தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கும் வேலை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அதே வாசல்தான். எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்தது கிடையாது. ஆனால் வெளியே வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தே படம் ஓடுமா, ஊத்திக்குமா என்று சொல்லிவிடுவார். ஆளை எடை போடுவதில் அவ்வளவு கெட்டிக்காரர். என்னை மட்டும்தான் தப்பாக எடை போட்டார்.

சர்க்கரை வியாதி என்று தெரிந்த அன்றே இனிப்பைத் தலைமுழுகினார். அதில் குறை சொல்ல மாட்டேன். நானும் சோற்றை அளந்துதான் வைத்தேன், தட்டு நிறையக் காய். டீயில் சர்க்கரை கிடையாது. அப்படியும் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அளவு ஏறிக்கொண்டே போனது. என்னதான் சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். இவர் என் பக்கம் திரும்பாமலே, "நான் வாயைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன் டாக்டர். சமைக்கிற கைதான் சும்மா இருக்க மாட்டேங்குது" என்றார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கு உடம்பே கூசிப் போயிற்று.

அன்றிலிருந்து என் வீட்டில் நானே திருடி. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்ப்பார். காயில் என்ன போட்டாய் என்று குடைவார். தன் தங்கையிடமும் ஃபோனில் சொல்லி வைத்தார். நாத்தனார் காதில் விழுந்தால் கேட்கவா வேண்டும், சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போய்விட்டது.

ஒரு நாள் மாத்திரையை மறந்துவிட்டு வேலைக்குப் போனார். திட்டிக்கொண்டே எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. மனுஷன் மாடிப்படிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் தலையணை மாதிரி ஒரு பை. இடைவேளையில் விற்காமல் மிஞ்சும் பாப்கார்னை வேலை செய்கிறவர்களுக்கே கொடுத்துவிடுவார்களாம், காட்சிக்குக் காட்சி.

"உப்பு போட்டதுதானே, இதுல ஏது இனிப்பு? வெறும் காத்து. இதெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியா?" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தேன். சோளம் முழுக்க மாவுச்சத்து, இனிக்காவிட்டாலும் உள்ளே போனால் சர்க்கரையாகத்தான் மாறும், ஒரு கைப்பிடி என்றால் உடம்பு தாங்கும், பை பையாகத் தின்றால் தாங்காது என்றார். இவர் நம்பவில்லை. சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஊசி குத்தி அளக்கும் கருவியை எடுத்தேன். என் கையால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து நூற்று ஐம்பது. மறுநாள் அந்தப் பை உள்ளே போன பிறகு இருநூற்று எண்பது. கருவியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

பையை விட்டுவிட்டார். அடுத்த பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டருக்குச் சந்தோஷம், என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். நான் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக்கூட வேண்டாம். தப்பு இவள்மேல் இல்லை என்று அதே நர்ஸ் காதில் விழுகிற மாதிரி சொன்னால் போதும் எனக்கு.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வீட்டுல எடுத்துச் சொல்லிப் புரிய வெச்சேன் டாக்டர். இப்ப திருந்திட்டாங்க."

டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்படியே இருங்கம்மா" என்றார்.