ஹாரன் அடிக்கும் வரை

கொட்டகலை பஜாரில் நாங்கள் பில்லியர்ட்ஸ் மேசையில் கோலால் பந்தடித்து விளையாடும் கடையில் ஒரு சட்டம் உண்டு. தோட்டத்துக்குப் போகிற கடைசி பஸ் ஹாரன் அடித்ததும் ஆட்டம் முடிந்தது. அதுவரை யார் அதிகப் பந்துகளைக் குழியில் போட்டிருக்கிறாரோ அவருக்கே வெற்றி. ஆகவே கண்ணில் பட்ட பந்தை விட்டுவைக்க மாட்டோம். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

நுவரெலியாவில் நடந்த போட்டியில் கடைசி ஆட்டம் வரை வந்துவிட்டேன். ஜெயித்தால் கொழும்புப் போட்டிக்குப் போகலாம். போனதே இல்லாத ஊருக்கு மனைவி பேக் கூட வாங்கிவிட்டாள்.

எதிரே ராகலையைச் சேர்ந்த ஒரு டீச்சர். முழுநிறப் பந்துகள் ஏழு எனக்கு, கோடு போட்டவை ஏழு அவருக்கு. தன் ஏழையும் போட்டுவிட்டுக் கறுப்பைப் போடுகிறவர் வெல்வார்.

நான் மளமளவென்று ஆறு போட்டேன். கைதட்டினார்கள். ஏழாவது தவறிவிட்டது. டீச்சரின் முறை வந்தபோது நடுக்குழிக்கு நேரே அவருடைய பந்து ஒன்று இருந்தது, குழந்தை கூடப் போட்டுவிடும். அவர் அதைத் தொடவில்லை. வேறொன்றை மெல்லத் தட்டி மூலைக்குழியின் வாயில் கொண்டுபோய் நிறுத்தினார். கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்து எதிர்ப்பக்கம் போய் ஒதுங்கியது.

பயந்துவிட்டாரா, கண் தெரியவில்லையா? எனக்குத் தோற்பது பற்றிய எண்ணமே வரவில்லை. அந்தப் பந்தை ஏன் விட்டார் என்பதுதான் மண்டையைக் குடைந்தது.

என் கடைசிப் பந்தை அடிக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். எந்தப் பக்கம் போனாலும் அவருடைய பந்து குறுக்கே நின்றது. முட்டிமோதி அடித்தேன். வெள்ளைப் பந்து என் பந்துக்குப் பதிலாக அவர் பந்தில்தான் முதலில் பட்டது. அது ஃபவுல். வெள்ளைப் பந்தை வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை வந்தது. அவர் வழியை மறிக்க என் பந்துகள்தான் ஒன்றைத் தவிர மேசையில் இல்லையே. நிதானமாக ஏழையும் போட்டு, கறுப்பையும் போட்டார்.

கண் எரிந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“அந்த லேசான பந்த ஏன் போடல டீச்சர்?”

“போட்டிருந்தா உங்களுக்கு ரோடு கிளியராயிருக்கும் தம்பி. மேசையில கெடக்குற வரைக்கும் அது என் காவல்காரன். சரி, நீங்க ஏன் அவ்வளவு அவசரப்பட்டீங்க?”

ஹாரன் சட்டத்தைச் சொன்னேன். டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“இங்க எந்த பஸ்ஸும் வரலியே தம்பி.”

திரும்பி வந்து சட்டத்தை மாற்றலாமா என்று கடை முதலாளியிடம் கேட்டேன். “அப்ப ராத்திரி மலையேறி நடந்தே போவீங்களா?” என்றார். சட்டம் மாறவில்லை. நான் மாறிக்கொண்டேன். கைக்கெட்டும் பந்தை விட்டு, வழியை மறித்து, காத்திருந்து ஆடுகிறேன். பாதி ஆட்டத்தில் ஹாரன் அடித்துவிடுகிறது. முன்பெல்லாம் என்னிடம் தோற்றவர்கள் இப்போது தினமும் என்னை ஜெயித்துவிட்டு, கேலி பேசிக்கொண்டே பஸ் ஏறுகிறார்கள்.

“பேக்க கடையிலயே திருப்பிக் குடுத்துடவா?” என்று மனைவி கேட்டாள்.

“இருக்கட்டும்,” என்றேன்.