சிவப்பு அட்டையில் ஒரு தோணி

என் அலுமாரியின் அடித்தட்டில் கலண்டர் தாளால் உறை போட்ட புத்தகம் ஒன்று இருக்கிறது. தாளின் வெள்ளைப் பக்கத்தை வெளியே விட்டு முதல் உறையை நான்தான் போட்டேன். போன மாதம்வரை அதுதான் இருந்தது, பழுத்து, மடிப்புகளில் உதிர்ந்தபடி. புத்தகம் என்னுடையதல்ல. உள்ளே மட்டக்களப்பு நகரத்து நூலகம் ஒன்றின் முத்திரையும், திருப்பிக் கொடுக்கவேண்டிய திகதியும் உண்டு. அந்தத் திகதி போய் ஒரு தலைமுறைக் காலம் ஆகிவிட்டது. அதை எனக்குக் கொண்டுவந்து தந்தவள் என் மச்சாள், அதாவது அண்ணனின் மனைவி. அவள் புத்தகம் வாசிக்கிற ஆளில்லை. வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் சித்தாண்டி. தொண்ணூறுகளில் ஊரைவிட்டு ஓடியபோது அம்மாவும் அப்பாவும் உயிரோடு இல்லை. செட்டிபாளையத்தில் கலியாணம் செய்து மனைவி வீட்டோடு இருந்த அண்ணனிடம் ஒரு பையோடு போய்ச் சேர்ந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மச்சாளின் வீட்டு வளவு. அண்ணன் வாவியில் மீன் பிடித்தான். நான் போய் ஏழு மாதத்தில், வாழைச்சேனையில் வலை மலிவு என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு காலைப் பொழுது பஸ் ஏறினான். வலையும் வரவில்லை, அவனும் வரவில்லை. மச்சாள் ஆமி முகாம் முகாமாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். அந்தப் பெயர் யாருடைய கொப்பியிலும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. மச்சாளுக்கு அந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. வழமைபோல எனக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டாள்.

அண்ணனின் தோணி வாவிக்கரையில் இருந்தது. வெயிலில் மரம் வெடித்துவிடும் என்று மச்சாள் அதன்மேல் தென்னோலைக் கிடுகு பரப்பி, பின்னேரங்களில் வாளியால் தண்ணீர் ஊற்றுவாள். அதைப் பற்றி அவள் ஒன்றும் பேசியதில்லை. வீடு கூட்டுவதுபோல, கோழி அடைப்பதுபோல, அதுவும் ஒரு வேலை.

அவள் நகரத்தில் ஒரு தையல் கடையில் வேலை செய்தாள். சனிக்கிழமை அரைநாள். என் அடையாள அட்டை சித்தாண்டியில் வீட்டோடு எரிந்துபோனதால் என்னால் வழியிலிருந்த சோதனைச்சாவடியைக் கடக்க முடியாது. புதிய அட்டைக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. பலசரக்குச் சுற்றிவந்த கடதாசியைக்கூட விரித்து வாசித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, மச்சாள் தன் பெயரிலும் என் பெயரிலும் நூலகத்தில் இரண்டு அங்கத்துவ அட்டை எடுத்தாள். சனிக்கிழமை வேலை முடிந்து பஸ்ஸுக்கு வரும் வழியில் போய் எனக்குப் புத்தகம் எடுத்துவருவாள்.

அவள் எடுத்த விதம்தான் விசேஷம். எழுதியவர் பெயரைப் பார்க்கமாட்டாள், தலைப்பையும் பார்க்கமாட்டாள். அட்டையை மட்டும் பார்ப்பாள். சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி, பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள். பார்க்கிற ஆமிப் பையன்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அட்டைதான் அவர்களுக்குப் புத்தகம். ஒருமுறை ஒரு வாத்தியாரின் பையில் வரிவரியாக மிருகம் போட்ட பிள்ளைகள் புத்தகம் இருந்ததாம். அவரை அன்று பஸ்ஸில் ஏற்றவில்லை. அதை வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்த மச்சாள், அன்றே தன் சட்டங்களை வகுத்துவிட்டாள். சிவப்பு ஆகாது. மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் அறவே ஆகாது. வரி போட்ட மிருகம், துவக்கு, உயர்த்திய கை, தீ, தேசப்படம், நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஆம்பிளை, ஒன்றும் கூடாது. கடதாசியால் உறை போட்டால் இன்னும் மோசம், எதையோ மறைக்கிறாய் என்று கிழித்துப் பார்ப்பார்கள். நீலம் நல்லது, பச்சை பரவாயில்லை. பூ, குழந்தை, கோபுரம், பசுமாடு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

“படத்தப் பாத்தா அவனுக்குக் கொட்டாவி வரணும் புள்ள,” என்பாள். “அதுதான் நல்ல புத்தகம்.”

அந்த அளவுகோலின்படி நான் நல்ல புத்தகங்களாகவே வாசித்தேன். பத்தொன்பது வயதில், கலியாணப் பேச்சே இல்லாத நான், கர்ப்பிணித் தாய்மாருக்கான உணவு பற்றி இருநூறு பக்கம் வாசித்தேன். தேனீ வளர்ப்பு வாசித்தேன். தலபுராணங்கள் வாசித்தேன். வான்நீல அட்டையில் இரண்டு வெள்ளைக் கோழிகள் நிற்கும் கோழி நோய்கள் பற்றிய புத்தகத்தை வாசித்துவிட்டு, வளவில் நின்ற நாலு கோழிக்கும் இல்லாத வருத்தமெல்லாம் கண்டுபிடித்தேன். மச்சாள் சிரித்தாள். அண்ணன் போனபிறகு அவள் சிரித்ததை நான் பார்த்தது அதற்குத்தான். இப்படிக் கண்ணை மூடி எடுத்ததில் சில நேரம் அருமையான கதைகளும் வந்து விழும். பூப்போட்ட அட்டைக்குள் ஒருவன் இன்னொருவனைக் கொன்று கிணற்றில் போட்ட கதைகூட வந்தது. சோதனைச்சாவடிக்கு அது தெரியாது, மச்சாளுக்கும் தெரியாது.

அப்படி வந்ததுதான் அந்த நாவலின் முதலாம் பாகம். கடும் நீல அட்டை. தண்ணீரில் ஒரு தோணி, அதில் துடுப்போடு ஒருவன் முதுகு காட்டி இருக்கிறான். முகம் தெரியாததால் மச்சாள் அதை எடுத்திருக்கிறாள். ஒரு மீன்பிடிகாரன், அவன் மனைவி, அவர்களுக்கிடையில் ஒரு சின்னச் சண்டை. அவன் கோபித்துக்கொண்டு தோணியைத் தள்ளிக்கொண்டு போகிறான். அதோடு முதலாம் பாகம் முடிகிறது. மச்சாள் குசினியில் மீன் வெட்டும்போது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதையைச் சொன்னேன். கதை கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆனால் இதைக் கேட்டாள். அவன் போன இடத்தில் நான் நிறுத்தியபோது கத்தியும் நின்றது.

“மறுகா?” என்றாள்.

மறுகா என்றால் எங்கள் பக்கம் பிறகு என்று அர்த்தம். பிறகு என்ன நடந்தது என்று இரண்டாம் பாகத்தில்தான் இருக்கும் என்றேன். அவள் மீனைக் கழுவினாள். அடுத்த சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தாள். இரண்டாம் பாகம் இருக்கிறது, ஆனால் அட்டை நல்ல சிவப்பு, எடுக்கேலாது என்றாள். அதற்கடுத்த கிழமையும் அதையே சொன்னாள். எடுக்காவிட்டால் பேசாமல் விட்டிருக்கலாம், நூலக அலுமாரிக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்குக் கதைதான் வேண்டியிருந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். சோறு போட்டுத் தருகிறவளிடம் அப்படி நடந்துகொண்டேன் என்பதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது சனிக்கிழமை அவள் இரண்டு மணி பஸ்ஸில் வரவில்லை. அதற்கடுத்த பஸ்ஸிலும் வரவில்லை. நான் றோட்டில் போய் நின்றேன். வெயில் சாய்ந்த பிறகு வந்து இறங்கினாள். வீட்டுக்கு வந்து, பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் குளித்தாள். சிவப்பு அட்டையைக் கண்டதும் சோதனைச்சாவடிப் பையனின் கொட்டாவி போய்விட்டதாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த அதிகாரி பெரிய முகாமிலிருந்து வரும்வரை, புத்தகத்தை விரிக்காமல், அட்டை மேலே தெரிய இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் தட்டுப்போல ஏந்திக்கொண்டு வெயிலில் நிற்கவேண்டும் என்றார்களாம். மூன்றரை மணித்தியாலம். அதிகாரி வந்து நாலு பக்கத்தைப் புரட்டிவிட்டு, கதைதானே என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம்.

“அவ்வளவுதான்கா,” என்றாள். “அடிக்கல்ல, ஏசல்ல. நிண்ட, அவ்வளவுதான்.”

அன்றைக்கு நான் அழுதிருக்கவேண்டும். அழுகை வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே வந்ததில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. அவளுடைய சிவந்த கழுத்தைப் பார்த்தேன், பிறகு மேசையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன். மறுநாள் காலையிலேயே வளவு மரத்துக்குக் கீழ் அதைக் கொண்டுபோய் இருந்து வாசிக்கத் தொடங்கிவிட்டேன். பகலெல்லாம் வாசித்தேன்.

கதையில் அவன் திரும்பி வந்தான். எண்பத்தாறாம் பக்கத்தில் வந்தான். பெரிய ஆரவாரம் எதுவும் இல்லை. தோணியை எங்கோ தூரத்துக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து, கையில் ஒரு அல்வாப் பொட்டலத்தோடு வந்து, வாசல் கதவை ஏன் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறாய் என்று மனைவியைக் கேட்டான். அவள் அவிழ்த்துவிட்டாள். அவ்வளவு லேசாக இருந்தது. அதைப் படித்து முடித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இதை எப்படி மச்சாளிடம் சொல்வேன்? அவளுடைய ஆளும் பஸ்ஸில்தானே போனான். கேட்டால் மட்டும் சொல்வோம், கேட்கட்டும் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. புத்தகத்துக்கு உறை போட்டு, கண்ணில் படாமல் என் பைக்குள் வைத்தேன்.

அந்தக் கிழமை அவள் வாவிக்கரைக்குப் போய்த் தோணியின்மேல் கிடந்த கிடுகுகளை எடுத்துவிட்டு, எங்கள் ஒழுங்கை முனையில் குடியிருந்த ஒருவரைக் கூப்பிட்டுத் தோணியைக் கொடுத்துவிட்டாள். பொட்டு வைப்பதையும் அதோடு விட்டாள். வெயிலில் நிறுத்தியதில் மனம் விட்டுப்போய்விட்டது என்று நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

சிவப்புப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதென்றால் மறுபடியும் சோதனைச்சாவடியால் கொண்டுபோகவேண்டும். அவள் கொண்டுபோகவில்லை. நூலகத்திலிருந்து இரண்டு தபாலட்டை வந்தது, பிறகு அவையும் நின்றுவிட்டன. மிஞ்சியிருந்த மற்ற நூலக அட்டையில் அவள் எனக்குப் புத்தகம் எடுத்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அதற்குப் பிறகு கொண்டுவந்தது ஒரே புத்தகம். வான்நீலம், இரண்டு வெள்ளைக் கோழி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை கொண்டுபோய்ப் புதுப்பித்து, திரும்பவும் அதையே கொண்டுவந்து மேசையில் வைப்பாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. எடுத்து வாசித்தேன். என் அடையாள அட்டை வரும்வரை, பதினாலு தடவையோ என்னவோ, வாசித்தேன். கோழிக்கு வரும் கழிச்சலின் அறிகுறிகளை இன்றைக்கும் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இப்போது நான் நகரத்தில் இருக்கிறேன். சோதனைச்சாவடி இருந்த இடத்தில் பழக்கடை போட்டிருக்கிறார்கள். புத்தகக் கடைக்குப் போனால் எழுதியவர் பெயரைப் பார்த்துத்தான் வாங்குவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் கண்ணுக்குக் கண்ணாடி எடுக்கவென்று மச்சாள் வந்து என்னோடு நாலு நாள் நின்றாள். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தவள் என் அலுமாரிக்கு முன்னால் நின்று, எல்லாம் நீலமும் பச்சையுமாக அல்லவா இருக்கிறது என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. முப்பது வருடத்தில் ஒரு சிவப்புக்கூட நான் வாங்கவில்லை.

குனிந்து அடித்தட்டைப் பார்த்தவள், உறை போட்டிருந்ததை எடுத்தாள். அவள் கைபட்டதும் பழைய கலண்டர் தாள் கிழிந்து வந்துவிட்டது. சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை. சிவந்த மணல், கரையில் ஒரு தோணி, தோணியில் யாருமில்லை.

“இதத்தானே அண்டைக்கு மூண்டரை மணித்தியாலம் பாத்துக்கிட்டு நிண்ட நான்,” என்றாள். “வேற என்னத்தப் பாக்கிற? ஆளில்லாத தோணி. கதையில அவன் வரல்ல, இவரும் வரமாட்டார் எண்டு எனக்கு அங்கயே விளங்கிட்டு. நீயும் ஒண்டும் சொல்லல்ல.”

கிழிந்த தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்தேன்.

“அவன் வந்திட்டான் மச்சாள்,” என்றேன். “வீட்ட போயிட்டான். அதாலதான் தோணியில ஆளில்ல.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள்.

“எத்தினையாம் பக்கத்தில?”

எடுத்துக் கொடுத்தேன். கதிரையில் அமர்ந்து, வரியில் விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்தபடி எண்பத்தாறாம் பக்கத்தை வாசித்தாள். அல்வாப் பொட்டலம் வந்த இடத்தில் விரல் கொஞ்சம் நின்று, திரும்பவும் நகர்ந்தது. அந்த ஒரு பக்கத்தை அவள் வாசித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.

“நீ அண்டைக்குச் சொல்லியிருந்தா தோணியக் குடுத்திரிக்க மாட்டன் புள்ள,” என்றாள். குரலில் கோபம் இல்லை. அண்ணன் வந்திருக்கமாட்டான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அவள் இத்தனை வருடமும் பின்னேரங்களில் தண்ணீர் ஊற்றியிருப்பாள்.

பிறகு கடதாசி இருக்கிறதா என்று கேட்டாள். சுவரிலிருந்த கலண்டரில் முடிந்துபோன மாதத்துத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். தையல்காரியின் கை. ஓரங்களைச் சேலைக் கரை மடிப்பதுபோல இரண்டாக மடித்து, நகத்தால் அழுத்தி, வெள்ளைப் பக்கம் வெளியே வர உறை போட்டாள். அடித்தட்டில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, சோறு ஆறுது, வாகா என்று என்னைக் கூப்பிட்டாள்.