உம்மாவின் அலமாரியில் பிரேக் ஆயில்

எங்கள் காரில் எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்வேன். கோட்டாற்றில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களே இப்போது வண்டி மக்கர் செய்தால் என் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். எனக்கு வேலை தக்கலையில் ஓர் ஆபீஸில். கார் என் ஆசை. ஆசைப்பட்டதை அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது.

காருக்குச் சொந்தக்காரர் என் அண்ணன். காக்கா என்றுதான் கூப்பிடுவேன். வளைகுடாவில் வேலை செய்கிறார். லீவில் வரும்போது கோயம்புத்தூர்ப் பக்கத்து ரேஸ் டிராக்கில் ஒருநாள் கார் ஓட்டுவார். வருஷம் முழுக்க அவர் காத்திருப்பது அந்த ஒருநாளுக்குத்தான். மற்ற நாட்களில் அதே கார் என்னை ஆபீஸில் விட்டு, திரும்பும்போது மீனும் வாங்கிக்கொண்டு வரும். அந்த ஓட்டத்துக்குச் சாதாரண பிரேக் ஆயிலே தாராளம். டிராக் வேறு. நேர்பாதையின் முடிவில் முழு வேகத்தில் வந்து திரும்பத் திரும்ப மிதிக்கும்போது பிரேக் ஆயில் சூட்டில் கொதித்துவிட்டால், பெடல் பொசுக்கென்று தரைவரை இறங்கிவிடும். வண்டி நிற்காது. அதனால் டிராக்குக்கு முன்னால் எஞ்சின் ஆயிலைப் புதிதாக மாற்றுவேன். பிரேக்குக்கு அதிகச் சூடு தாங்குகிற ஆயில். இதில் யார் பேச்சையும் கேட்கமாட்டேன்.

முந்தைய லீவில் காக்கா அங்கிருந்தே அப்படிச் சூடு தாங்குகிற பிரேக் ஆயில் ஒரு பெரிய பாட்டில் கொண்டுவந்திருந்தார். பாதி செலவானது. மீதியை உம்மா அத்தருக்கும் வெளிநாட்டுச் சோப்புக்கும் நடுவே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். இந்த லீவில் நான் புது ஆயில் வாங்கக் கிளம்பியபோது காக்கா தடுத்தார்.

"ஏட்டி, அலமாரியில பாதி பாட்டில் கெடக்குல்லா? அத ஊத்து. இங்க கெடைக்கிறத விட ஒசத்தி."

"ஒசத்திதான் காக்கா. ஆனா தெறந்த பாட்டில். காத்துல உள்ள ஈரத்தக் குடிச்சிருக்கும். தண்ணி சேந்தா சீக்கிரம் கொதிச்சிரும்."

"மூடி இறுக்கமாத்தானே இருக்கு?"

ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் மூடி வைத்த உப்பே கசிகிற ஊர் இது. ஊற்றமாட்டேன் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அவ்வளவு தூரம் சுமந்து வந்ததை நான் வேண்டாம் என்று தள்ளுவதாக அவருக்குப் பட்டிருக்க வேண்டும். எனக்கும் கோபம் வந்தது.

"அத ஊத்தினா சாவியத் தரமாட்டேன்" என்று சொல்லியேவிட்டேன்.

சொன்னபிறகு மனசு அடித்துக்கொண்டது. இருக்கிற ஒருநாளையும் நானே பறிக்கிறேனோ என்று வருத்தமாக இருந்தது. ஆனாலும் சாவியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சத்தம் கேட்டு உம்மா அந்தப் பாட்டிலோடு வந்தாள்.

"சண்ட போடாதீங்க மக்கா. இது ஒண்ணும் கெடல்ல. வெள்ளிக்கெழம அலமாரி தொடைக்கும்போதெல்லாம் மூடியத் தெறந்து பாத்துட்டுத்தான் மூடுவேன். ஒரு சொட்டு கொறையல்ல."

நான் காக்காவைப் பார்த்தேன். அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கியது.

"வாராவாரமா உம்மா?"

"பின்ன? நீ கொண்டாந்ததுல்லா."

காக்கா பாட்டிலை வாங்கி என்னிடம் நீட்டினார். "வா, கடைக்கு நானும் வாரேன்" என்றார்.

சீல் உடைக்காத சின்ன பாட்டில்களாக வாங்கினோம். காக்கா சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் சக்கரத்தின் அருகே படுத்துக்கொண்டு, "மிதிங்க, பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொல்லச் சொல்ல, பால் சேர்க்காத கட்டஞ்சாயா நிறத்தில் பழைய ஆயில் வெளியேறிப் புதியது தெளிவாக வந்தது. மூத்தவர் என்றாலும் அன்று என் சொல்லை மீறவில்லை.

டிராக்கில் நான் வேலி ஓரம் நின்றேன். நேர்பாதை முடிவில் ஒவ்வொரு முறையும் கார் மூக்கைத் தாழ்த்தி, சொன்னபடி வேகம் குறைந்து திரும்பியது. இறங்கி வந்தவர், "பெடல் மயிலாடிச் சிலைக் கல்லு மாதிரி நிக்குது ஏட்டி" என்றார். தெரியும் என்றேன்.

லீவு முடிந்து அவர் விமானம் ஏறியபின், அலமாரிப் பாட்டிலில் இருந்ததைக் கழிவு ஆயிலோடு சேர்த்து வொர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். காலிப் பாட்டிலைக் குப்பையில் போடப்போனபோது உம்மா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் அலமாரியைத் துடைக்கும்போது அதன் மூடியைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு, இறுக்கி மூடினாள்.