குளிருதா என்று அவரைக் கேட்காதீர்கள்

"குளிருதா?" என்று என் கணவரைக் கேட்பவர்கள் மேல் எனக்கு வருகிற எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. பைக்கிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டு நாலு வருஷம் ஆகிறது. நெஞ்சுக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. அந்தக் கால்கள் குளிருகிறது என்று எப்படிச் சொல்லும்? நடுங்கக்கூட அவற்றுக்குத் தெரியாது. அவரும் "குளிரல" என்பார், கேட்டவர்களும் திருப்தியாகப் போய்விடுவார்கள். பிறகு நான் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் தொண்ணூற்றைந்தில் நிற்கும்.

புனே பக்கம் இந்த ஆகுர்டியில் டிசம்பர் வந்தால் எனக்கு வேலை இரட்டிப்பு. மெல்லிய பருத்திச் சட்டை இரண்டு, மேலே ஸ்வெட்டர், தலைக்குக் குல்லா, இறுக்காத கம்பளி சாக்ஸ். போர்வையை முதலில் ஹாட் வாட்டர் பேக் வைத்துச் சூடாக்கி, பேக்கை வெளியே எடுத்துவிட்டுத்தான் அவர் மேல் போட வேண்டும். சூடு எதுவும் நேராகக் காலில் படக்கூடாது. சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இதைப் பக்கத்து வீட்டு மராட்டிக்கார அம்மாளிடம் எத்தனை தடவை சொல்வது? எதற்கெடுத்தாலும் ஒத்தடம் கொடு என்பார். திருநெல்வேலியிலிருந்து நாத்தனார் போன் போட்டு, காலடியில் ஹீட்டர் வை என்கிறாள். எல்லாம் நல்ல எண்ணம்தான். இந்த நல்ல எண்ணக்காரர்களோடு மல்லுக்கட்டியே என் பாதி உயிர் போய்விட்டது.

போன டிசம்பரில் ஷேகோட்டிக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்தார். காலனி கேட்டருகே வாட்ச்மேன் காலையில் அட்டையும் சுள்ளியும் போட்டு மூட்டுகிற தீக்கு இங்கே அதுதான் பெயர். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் கம்பெனி பஸ் வரும்வரை அதைச் சுற்றி நின்று குளிர்காய்வார்கள். விழுவதற்கு முன்னால் அவரும் அதே பஸ்ஸில் போனவர்.

"தள்ளி இருந்தே நாலு வார்த்த பேசிட்டு வந்துருதேன்."

மூன்று நாள் மறுத்துப் பார்த்தேன். நாலாம் நாள் வீல்சேரைத் தீயிலிருந்து ஆறடி தள்ளி நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு, குக்கரை இறக்க வீட்டுக்கு வந்தேன்.

பதினைந்து நிமிஷம்தான். திரும்பிப் போனபோது பஸ் போயிருந்தது, வீல்சேர் தீயை ஒட்டி நின்றது, கம்பளி கருகுகிற நாற்றம் வந்தது. அவர் வாட்ச்மேனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சாக்ஸைக் கழற்றினால் வலது பாதத்துத் தோலும் சேர்ந்து வந்தது.

கை கொடுத்த பழைய கூட்டாளிகள் அவர் விரல்கள் ஜில்லென்று இருந்ததைப் பார்த்து, "அண்ணா, ஆகே ஆவோ", முன்னால் வாங்க என்று தாங்களே பிரேக்கை எடுத்து முன்னால் தள்ளிவிட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன்தான் இதைச் சொன்னார். அவரை என்ன திட்டுவது? இவரைத்தான் திட்டினேன், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம்.

"காலுக்கு உணர்ச்சி கிடையாது, கிட்ட தள்ளாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா பின்னால தள்ளி விட்டுருவானுவ" என்றார்.

அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை. கோபம் மட்டும் போகாமல் அப்படியே இருந்தது.

புண் ஆறும்வரை காலைத் தொங்கவிடக் கூடாது, கட்டிலிலேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் லேசில் ஆறுவதில்லை. மறுபடி வீல்சேரில் உட்காரும்போது பங்குனி பிறந்துவிட்டது. முதல் நாளே, அவர் வாய்விட்டுக் கேட்காமலேயே, ஷிப்டு நேரத்துக்குக் கேட்டருகே கூட்டிப்போனேன். வெயில் காலத்தில் யார் தீ மூட்டுவார்கள்? ஏழெட்டுப் பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி போனுக்குள் குனிந்தார்கள். பஸ் வந்தது, ஏறிப் போனார்கள்.

"வீட்டுக்குப் போயிருவோம்" என்றார்.